மரத்தடிச் சாப்பாடும் மாலை நேர ஆட்டமும்

ராயபுரம்!

சென்னையின் வடக்கே, கடலை ஒட்டி இருக்கும் பேட்டை. ஒரு பக்கம் துறைமுகம். மறுபக்கம் காசிமேடு மீன்பிடித் துறை. நடுவே நெருக்கமான தெருக்கள்.

இங்கே இருட்டிலேயே பொழுது விடிந்துவிடும். படகுகள் கரை சேரும். ஏலக் குரல் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். நகரத்தின் நாலா பக்கத்திலிருந்தும் பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்க வந்துவிடுவார்கள். காசிமேட்டில் கால் வைக்க இடம் இருக்காது.

அதனால், ராயபுரத்து இளைஞர்களுக்கு ஞாயிறு விடுமுறை என்பது மாலையில்தான் தொடங்குகிறது.

நாலு மணிக்கு மேல் வெயில் தணியும். கடற்காற்று தெருவுக்குள் புகுந்து வரும். கட்டிலுக்கு அடியிலிருந்து மட்டை வெளியே வரும். பக்கத்துத் தெருப் பையன்களும் வந்து சேர்வார்கள்.

அப்புறம் என்ன? கிரிக்கெட்தான்!

இரண்டு அணிகளும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். ஒருவர் வீட்டுக் கலியாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறியிருப்பார். ஆனாலும் ஆட்டம் என்று வந்துவிட்டால் விட்டுக் கொடுப்பதில்லை. தோற்றவர்கள் அடுத்த ஞாயிறு வரை தலை குனிந்து நடக்க வேண்டுமே!

ஆயா போட்ட சட்டம்

கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பெரிய சட்டப் புத்தகம் உண்டு. ஆனால், தெரு ஆட்டத்துக்குச் சட்டம் போடுவது தெருதான்.

தெருவில் இடம் குறைவு. பந்து மாடிக்குப் போனால் இறங்கி வர நேரம் ஆகும். சன்னலில் பட்டால் கண்ணாடி போகும்.

"ஏண்டா, கண்ணாடி உடைஞ்சா யாருடா காசு குடுப்பீங்க?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும்.

"ஒரே ஒரு பந்து ஆயா! இதோ முடிஞ்சுடும் ஆயா!" என்று கெஞ்சுவார்கள்.

அந்த ஒரு பந்து இருட்டும் வரை முடியாது. அது ஆயாவுக்கும் தெரியும்!

இப்படித்தான் தெருச் சட்டங்கள் பிறந்தன. பந்து நேராக வீட்டுக்குள் போனால் அடித்தவர் அவுட். காலில் பட்டால் அவுட் என்கிற எல்.பி.டபிள்யூ. கிடையாது, ஏனென்றால், அதைச் சரியாகச் சொல்ல நடுவர் இல்லை. மட்டை பிடிக்கும் அணியில் ஒருவர்தான் நடுவராக நிற்பார். தன் கூட்டாளியையே அவர் அவுட் என்று சொல்ல வேண்டும். சொல்லுவாரா? சண்டை வராமல் இருக்குமா?

ஆள் ஒன்று குறைந்தால் அதற்கும் வழி உண்டு. ஒருவர் இரண்டு அணிக்கும் ஆடுவார். முதல் பாதியில் இவர்களுக்காக ஓடுவார். அடுத்த பாதியில் அவர்களுக்காக அடிப்பார். யாரும் அவரைச் சந்தேகப்படுவதில்லை.

மட்டை பிடிப்பதற்குச் சென்னைப் பையன்கள் வைத்திருக்கும் பெயர் 'காஜி'. "இன்னிக்கு முதல் காஜி யாரு?" என்பதில்தான் பாதிச் சண்டை!

பொழுது சாய்வதற்குள்...

மாலை ஆட்டத்தில் உண்மையான நடுவர் சூரியன்தான்.

சென்னையில் டிசம்பர் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூலையில் ஆறரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் இரண்டு அணிகளும் ஆடி முடிக்க வேண்டும்.

ஒரு ஓவருக்கு ஆறு பந்துகள். ஓர் ஓவர் வீச ஏறக்குறைய நாலு நிமிடம் ஆகும். ஓர் அணிக்கு 10 ஓவர் என்றால், இரண்டு அணிக்கும் சேர்த்து 20 ஓவர். அதாவது 80 நிமிடம். நாலரை மணிக்குத் தொடங்கினால், ஆறு மணிக்கு முன்பே முடித்துவிடலாம். ஆள் வரத் தாமதமானால் ஓவரைக் குறைத்துக் கொள்வார்கள். எட்டு ஓவர், ஆறு ஓவர் என்று ஆட்டம் சுருங்கும்.

'டாஸ்' ஜெயித்தவர் என்ன கேட்பார்? பெரும்பாலும் முதல் காஜிதான்! பின்னால் ஆடுகிறவர்களுக்குப் பந்து சரியாகக் கண்ணுக்குத் தெரியாதே!

இன்னொரு தொல்லையும் உண்டு. பெரிய மைதானங்களில் ஆடுகளத்தை வடக்கு தெற்காக அமைப்பார்கள். மாலை வெயில் ஆட்டக்காரர் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. தெருவைத் திருப்பி வைக்க முடியுமா? கடலை நோக்கிச் செல்லும் தெருவில் மேற்கே பார்த்து நிற்பவருக்குப் பந்தும் தெரியாது; பந்து வீசுகிறவரும் தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மட்டையைச் சுழற்ற வேண்டியதுதான்!

குறைந்த ஓவர், கூடிய கூட்டம்

வேலை முடிந்த பிறகு, மாலை வெளிச்சத்தில், குறைந்த ஓவரில் ஆடுவது ராயபுரத்தில் மட்டும் உள்ள பழக்கம் அல்ல. இங்கிலாந்தின் ஊர்ப்புறக் குழுக்களும் நெடுங்காலமாக இப்படி ஆடி வந்தன. கோடைக்காலத்தில் அங்கே இரவு ஒன்பது மணி வரைகூட வெளிச்சம் இருக்கும். அதனால் அவர்களுக்கு 20 ஓவர் கிடைத்தது.

2003ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி, இங்கிலாந்தின் கவுண்டி அணிகள் 20 ஓவர் போட்டியைத் தொடங்கின. வேலைக்குப் போகிறவர்களும் குடும்பத்தோடு வந்து பார்க்கட்டும் என்பதே நோக்கம். 2007இல் அதற்கு உலகக் கோப்பையே வந்துவிட்டது. அதை இந்தியா வென்றது. இன்று கோடிக்கணக்கான ரூபாய் புரளும் ஆட்டம் அது. அதற்கு வேர், காசு பணம் வாங்காமல் மாலையில் ஆடியவர்களின் ஆட்டம்தான்.

ரயில் நிலையமும் கவர்னர் மகனும்

ராயபுரத்தில் ஒரு பழைய ரயில் நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அங்கிருந்துதான் தொடங்கியது. 1856ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ரயில் ஓடியது.

அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் ஹாரிஸ் பிரபு. அவருக்கு ஒரு மகன். ரயில் ஓடத் தொடங்கியபோது அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது.

அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் தலைவரானார்! தந்தைக்குப் பின் அவரும் ஹாரிஸ் பிரபு ஆனார். 1890 முதல் 1895 வரை பம்பாய் கவர்னராகவும் இருந்தார். அவர் காலத்தில், 1892இல், பம்பாயில் பார்சிகளுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடந்த பந்தயம் பெரும் புகழ் பெற்றது.

சென்னையில் நிலைமை எப்படி இருந்தது?

பெவிலியன் அவர்களுக்கு, மரநிழல் இவர்களுக்கு!

சென்னையில் வெள்ளைக்காரர்கள் 1846லேயே ஒரு கிரிக்கெட் கழகம் தொடங்கிவிட்டார்கள். அதன் பெயர் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். 1865இல் அவர்களுக்குச் சேப்பாக்கத்தில் இடம் கிடைத்தது. இன்று பெரிய போட்டிகள் நடக்கும் அதே சேப்பாக்கம்தான்.

அந்தக் கழகத்தில் இந்தியர்கள் சேர முடியாது. எதிர்த்து ஆட மட்டும் வரலாம்.

அப்படி ஆட வந்தவர்களுக்கு என்ன மரியாதை? சாப்பாட்டு வேளையில் வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் போவார்கள். மேசை, நாற்காலி, தட்டு எல்லாம் அங்கே இருக்கும். இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அதுவரை ஒரே மைதானத்தில் ஒரே பந்துக்குப் பின்னால் ஓடியவர்கள் அவர்கள். சாப்பாடு வந்ததும் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே!

இதைக் கண்டு ஓர் இளைஞரின் மனம் கொதித்தது. அவர் பெயர் புச்சிபாபு.

20 வயதில் ஒரு கழகம்

மோதவரபு வெங்கடமகிபதி நாயுடு என்பது அவருடைய முழுப் பெயர். 1868இல் பிறந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் பாரி கம்பெனியின் துபாஷ். அதாவது, வெள்ளை வியாபாரிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் நடுவே நின்று காரியம் பார்க்கும் செல்வாக்குள்ளவர். பேரனைத் தத்து எடுத்து வளர்த்தார். மயிலாப்பூரில் 'லஸ் ஹவுஸ்' என்ற பெரிய மாளிகை. செல்வத்துக்குக் குறைவில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆங்கிலேயப் பெண்மணிகளை வைத்தார்கள். அவர்கள் மாலை வேளையில் பிள்ளையைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்றார்கள். வெள்ளைக்காரர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே அவருக்குக் கிரிக்கெட் பைத்தியம் பிடித்தது.

பணக்காரப் பிள்ளை. தனக்கு மட்டும் உள்ளே இடம் கேட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

1888ஆம் ஆண்டு, 20 வயதில், 'மெட்ராஸ் யுனைடெட் கிளப்' என்ற கழகத்தைத் தொடங்கினார். இந்தியர்களுக்கென்று தனிக் கழகம்! ஆடுவதற்கு எஸ்பிளனேடு பகுதியில் மைதானம் அமைந்தது. அங்கிருந்து ஜார்ஜ் டவுனைத் தாண்டினால் ராயபுரம் வந்துவிடும்.

கழகம் என்றால் சும்மாவா? மட்டை வேண்டும். பந்து வேண்டும். கால்காப்பு வேண்டும். வெள்ளை உடுப்பு வேண்டும். சாதாரணக் குடும்பத்து இளைஞர்கள் அதற்கு எங்கே போவார்கள்?

எல்லாவற்றையும் புச்சிபாபு தம் சொந்தச் செலவில் வாங்கிக் கொடுத்தார். ஆட்டம் தெரிந்த இளைஞர் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்தார். தம் வீட்டுத் தோட்டத்திலேயே பயிற்சி கொடுத்தார். ஆடி முடித்தவர்களுக்கு வயிறாரச் சாப்பாடும் உண்டு.

இந்தக் கழகம் வளர்ந்தது. வெள்ளையர் கழகத்தோடு சரிக்குச் சரி ஆடியது. பகை மூளவில்லை. இரண்டு பக்கத்தாரும் நண்பர்கள் ஆனார்கள்.

அவர் பார்க்காத பந்தயம்

புச்சிபாபுவுக்கு ஓர் ஆசை. பம்பாயில் நடப்பதுபோல், சென்னையிலும் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் ஆண்டுதோறும் மோத வேண்டும். வெள்ளையர் கழகத்தைச் சேர்ந்த பார்ட்ரிட்ஜ் என்பவரும் இதற்குக் கைகொடுத்தார்.

1908ஆம் ஆண்டின் இறுதியில் ஆட்டம் என்று ஏற்பாடாகியது. இந்திய அணிக்குத் தலைவர் யார்? புச்சிபாபுதான்!

ஆனால், ஆட்டம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 40.

இருபது ஆண்டுகள் எதற்காகப் பாடுபட்டாரோ, அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் அந்த ஆசை அவரோடு சாகவில்லை. பின்னாளில் 'பிரசிடென்சி மாட்ச்' சென்னையின் பெரிய விழாவாகவே ஆனது. பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் ஆட்டம்! இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதுவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். 1915க்குப் பின் அது முதல் தர ஆட்டமாகக் கணக்கிடப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பிறகும் சில ஆண்டுகள் நடந்தது. 1952இல் நின்றது.

புச்சிபாபுவின் மகன்களும் ஆட்டக்காரர்களே. அவர்களில் சி. ராமசுவாமி இரண்டு விளையாட்டில் இந்தியாவுக்காக ஆடியவர். 1922இல் டென்னிஸ் டேவிஸ் கோப்பையில் ஆடினார். 14 ஆண்டு கழித்து, 1936இல், இங்கிலாந்து மண்ணில் கிரிக்கெட் டெஸ்டில் இறங்கினார். அப்போது அவருக்கு 40 வயது! அந்த முதல் டெஸ்டில் 40 ஓட்டமும் 60 ஓட்டமும் எடுத்தார்.

புச்சிபாபு பெயரால் நடக்கும் போட்டி இன்றும் இருக்கிறது.

மாலைக்குள் முடிந்த ஆட்டம்

1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். இடம் சேப்பாக்கம். சென்னையும் மைசூரும் மோதின. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அணிகள்.

மைசூர் முதலில் 48 ஓட்டம் எடுத்தது. சென்னை 130. மீண்டும் ஆடிய மைசூர் 59 ஓட்டத்தில் சுருண்டது. ஏ.ஜி. ராம்சிங் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 11 விக்கெட் வீழ்த்தினார். பல நாள் நடக்க வேண்டிய ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது!

ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். அவருடைய திறமையைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? சி.பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர்! பிரசிடென்சி மாட்சில் ஐரோப்பியர் பக்கம் ஆடியவர். அவர்தான் கோபாலனைக் கழகத்தில் சேர்த்துவிட்டார். பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

கோபாலன் ஹாக்கியிலும் புலி. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குப் போவதா, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துக்குப் போவதா என்ற கேள்வி வந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அவருக்கு ஒரு டெஸ்டிலும் ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெர்லின் போன ஹாக்கி அணியோ தங்கப் பதக்கத்தோடு திரும்பியது!

பின்னர் சென்னையும் இலங்கையும் நட்பு முறையில் ஆடிய ஆட்டங்களுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் கோபாலன் கோப்பை.

பந்து மாறியது, ஆட்டம் பரவியது

புச்சிபாபு காலத்தில் கிரிக்கெட் ஆட ஒரு வள்ளல் வேண்டியிருந்தது. இன்று ராயபுரத்துப் பையன்களுக்கு வள்ளல் தேவையில்லை. காரணம், டென்னிஸ் பந்து!

நிஜமான கிரிக்கெட் பந்தின் எடை ஏறக்குறைய 160 கிராம். தோலால் ஆனது, கல் போல் இருக்கும். கால்காப்பு, கையுறை இல்லாமல் அதை ஆட முடியாது. டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. பட்டால் வலிக்கும், எலும்பு முறியாது. வெறுங்காலோடு ஆடலாம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டால் பந்து வந்துவிடும்.

பந்து இலேசாக இருப்பதால் கடற்காற்று அதை இழுத்துக்கொண்டு போகும். காற்றை அறிந்து வீசுகிறவர் கெட்டிக்காரர். கடலோரத்துப் பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அப்போது மீனவ இளைஞர்களின் கையில் நேரம் இருக்கும், காசு இருக்காது. செலவு இல்லாத பொழுதுபோக்கு மாலை ஆட்டம்தான்.

டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர்கள் பெரிய ஆட்டத்துக்குப் போக முடியுமா? முடியும் என்று காட்டினார் டி. நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்தவர். எளிய குடும்பம். ஊர்ப் போட்டிகளில் டென்னிஸ் பந்து வீசித்தான் வளர்ந்தார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் ஆட்டத்தில் மூன்று விக்கெட் எடுத்தார். அந்த டெஸ்டை இந்தியா வென்றது!

சினிமாவிலும் ராயபுரம்

2007இல் வெங்கட் பிரபு இயக்கத்தில் 'சென்னை 600028' என்ற படம் வந்தது. தெருக் கிரிக்கெட் ஆடும் இளைஞர்களின் கதை. அதில் ஓர் அணியின் பெயர் ஷார்க்ஸ். எதிர் அணியின் பெயர் என்ன? ராயபுரம் ராக்கர்ஸ்!

ராயபுரம் அணியில் ஆடிய ஓர் இளைஞனின் குடும்பம், எதிர் அணி இருக்கும் பகுதிக்கே குடிபோகிறது. பழைய நண்பர்களா, புதிய தெருவா? இதுதான் கதையின் சிக்கல். பெரிய பையன்கள் சின்னப் பையன்களிடம் பந்தயம் கட்டித் தோற்கும் காட்சியில் கொட்டகையே அதிர்ந்தது. பார்த்தவர்களில் பலருக்கு அது சொந்த அனுபவம் அல்லவா!

ஆட்டம் முடிந்த பிறகு...

மாலை ஆறு மணி. பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசி ஓவர். "இருட்டிடுச்சு, நிறுத்திக்கலாம்" என்கிறது தோற்கும் அணி. "முடியாது, ஆடித்தான் ஆகணும்" என்கிறது ஜெயிக்கும் அணி. சத்தம் பலமாகிறது. சட்டையைப் பிடிக்காத குறை!

கடைசியில் எப்படியோ முடிந்துவிடும். தோற்றவர்கள் புதுப் பந்து வாங்கித் தர வேண்டும் என்பது பேச்சு. காசு வசூல் நடக்கும். ஒருவன் நழுவப் பார்ப்பான். அவனை இழுத்து வருவார்கள்.

பிறகு எல்லோரும் டீக்கடைக்குப் போவார்கள். ஜெயித்தவர், தோற்றவர், இரண்டு பக்கமும் ஆடியவர் எல்லோரும்தான். ஒரே பெஞ்சில் நெருக்கி உட்காருவார்கள். ஒரே தட்டில் இருக்கும் பஜ்ஜிக்குப் பத்துக் கை நீளும். "நீ அவுட்டுடா!" "இல்லைடா, மட்டையிலே படவே இல்லை!" என்று சண்டை அங்கேயும் தொடரும்.

1888இல் ஒரு 20 வயது இளைஞர் கேட்டது இதைத்தான். ஆடும்போது எதிரும் புதிருமாக நிற்கலாம். சாப்பிடும்போது ஒருவர் உள்ளே, ஒருவர் மரத்தடியில் என்று இருக்கக் கூடாது.

ராயபுரத்துப் பையன்களில் பலருக்குப் புச்சிபாபுவின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால், அவர் கேட்டதை அவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் செய்கிறார்கள்.

டீக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. எழுந்து போகும்போது ஒருவன் திரும்பிப் பார்த்துச் சத்தம் போடுகிறான்:

"அடுத்த ஞாயிறு நாலு மணிக்கே வந்துடுங்கடா! முதல் காஜி எங்களுக்கு!"